மாம்பழம் 6 வீதம்

எங்கள் அறைகளுக்கு வெளியே இருந்த சின்ன ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்று நிரல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் எங்களில் ஒருவருடைய பெயரின் முதலெழுத்து, அதன் கீழே நாளுக்கொரு எண். 9.2, 7.1, 5.0 என்று போகும். மேலே வாற ஆக்கள் ஆராவது கேட்டால் சீனி வருத்தக் கணக்கு எண்டு சொல்லிச் சமாளிப்போம். இருபத்தைந்து வயதில் மூன்று பேருக்கும் சீனி வருத்தமா என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. எங்கட சனத்துக்கு அது நம்பக்கூடிய விசயம்தான்.

உண்மையில் அது நாங்கள் ஒவ்வொருவரும் அன்றன்று எத்தனை மில்லிலீட்டர் வேப் திரவத்தை இழுத்து முடித்தோம் என்ற கணக்கு. அந்தத் திரவத்தைக் கலந்ததும் நாங்கள்தான்.

இடம் கிழக்கு லண்டன், ஈஸ்ட்ஹாம். தமிழ்க்கடைகள் நிறைந்த தெருவிலிருந்து இரண்டு முடக்குத் தள்ளி ஒரு வீடு. கீழே வீட்டுக்கார அக்காவும் அவரின் கணவரும் நாலு வயது மகனும். மேலே இரண்டு அறைகளில் நாங்கள். எங்களில் மூத்தவன் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அவனுடைய சித்தியின் மகள், எங்கள் எல்லாருக்கும் தங்கச்சி மாதிரி, சின்ன அறையில் இருந்தாள். படித்துக்கொண்டே ஒரு பாமசியின் கவுண்டரில் நிற்பாள். மூன்றாவது ஆளை நாங்கள் மட்டக்களப்பான் என்றுதான் கூப்பிடுவது. அவன் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தான்.

மூத்தவன் ஏ.எல். படிக்கிற காலத்திலிருந்து சிகரெட். இங்கே ஒரு பெட்டி 15 பவுணுக்கு மேல் என்பதால் ஒருமுறை பாவித்து எறியும் வேப்புக்கு மாறினான். மட்டக்களப்பான் வேலையிடத்தில் இடைவேளை எடுப்பதற்காகவே பழகினவன். புகைக்கிறவனுக்கு ஐந்து நிமிடம் வெளியே போகலாம், மற்றவனுக்கு அது இல்லை. தங்கச்சியின் கதை வேறு. அவள் வாழ்க்கையில் ஒரு சிகரெட்டையும் தொட்டதில்லை. வகுப்பில் ஒரு தோழி தர்ப்பூசணி வாசத்தோடு ஒன்றை நீட்டினாள், அவ்வளவுதான். சிகரெட்டை விடுவதற்கு வேப் உதவும், அதன் தீங்கும் குறைவு, ஆனால் புகைக்காதவர் இதைத் தொடங்கவே கூடாது என்றுதான் இந்த நாட்டுச் சுகாதார சேவையும் சொல்கிறது. அந்த வசனத்தின் பின்பாதி முழுக்க அவளுக்கானது. அவளே பாமசியில் நின்று சனத்துக்கு அதைச் சொல்லியிருக்கிறாள்.

2025 யூன் 1 ஆம் திகதியிலிருந்து பாவித்து எறியும் வேப்புகளை விற்பது பிரித்தானியா முழுவதும் தடை. பற்றரியோடும் பிளாஸ்டிக்கோடும் குப்பையில் சேருவதும், சின்னப் பிள்ளைகள் அதில் இழுபடுவதும்தான் காரணம். கடைகள் உடனேயே திரும்ப நிரப்பக்கூடிய கருவிகளைக் கொண்டு வந்தன. மூத்தவன் ஒன்றை வாங்கி வந்து, கூடவே ஒரு யோசனையும் கொண்டு வந்தான்: நிரப்புகிற சாமானை நாங்களே கலந்தால் என்ன? வேலையிடத்தில் அவனோடு நிற்கிற போலந்துக்காரர் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறாராம். மாதம் எட்டுப் பத்துப் பவுணோடு முடியுமாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் திரவத்தில் இருப்பது நாலே நாலு சாமான். புரோப்பிலீன் கிளைக்கோல், தாவரக் கிளிசரின், வாசம், நிக்கொட்டின். முதலிரண்டையும் கலக்கிற ஆக்கள் பீஜி, வீஜி என்பார்கள். பீஜி தண்ணி மாதிரி ஓடும், வாசத்தைத் தூக்கிக்கொண்டு வரும், தொண்டையில் ஒரு அடி அடிக்கும். வீஜி பாகு மாதிரித் தடிப்பு, கொஞ்சம் இனிப்பு, வெள்ளைப் புகை அதிலிருந்துதான் வரும். நிக்கொட்டினுக்குத்தான் சட்டம். 2016 இல் இங்கே வந்த ஒழுங்குவிதிகளின்படி நிக்கொட்டின் கலந்த போத்தல் 10 மில்லிலீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு மில்லிலீட்டரில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்குக் கடைக்காரர் கண்டுபிடித்த சுத்துவழிதான் 'நிக் ஷொட்': 18 மில்லிகிராம் பலமுள்ள, வாசமில்லாத 10 மில்லிலீட்டர்ச் சின்னப் போத்தல். நிக்கொட்டின் இல்லாத திரவம் 50 மில்லிலீட்டரோடு அதில் ஒன்றை ஊற்றினால் மில்லிலீட்டருக்கு 3 மில்லிகிராம். 40 மில்லிலீட்டரோடு இரண்டு ஊற்றினால் 6. ஓ.எல். கணிதம் போதும்.

முதல் நாள் கணிதம் ஒன்றும் பாவிக்கவில்லை. மூத்தவன் கண்மட்டத்தில் ஊற்றினான். 'வாசம் கூடினா ருசி கூடும்தானே' என்பது அவனுடைய தத்துவம். ஐந்தில் ஒரு பங்கு வாசம் போட்டான். இழுத்தால் சவர்க்காரத்தை நக்கின மாதிரி. பிறகுதான் விளங்கியது, ஒரு அளவுக்கு மேலே போனால் வாசம் கூடாது, மங்கும்; கசக்கும். கொயிலில் இருக்கிற பஞ்சும் ஒரே நாளில் கறுத்துப் போனது. இனிப்புக்காகப் போடுகிற சுக்ரலோஸும் அப்படித்தான், கொயிலில் போய்க் கருகிப் படியும்.

அடுத்த கிழமை தங்கச்சி ஒரு தராசு வாங்கி வந்தாள். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுகிற, உள்ளங்கை அளவான தராசு. கையுறையும் வாங்கினாள். நிக்கொட்டின் தோலாலும் உள்ளே போகும், கையில் பட்டால் உடனே கழுவ வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் வகுப்பெடுத்தாள். தராசு வந்த பிறகும் ஒரு பிழை விட்டோம். ஒரு மில்லிலீட்டர் என்றால் ஒரு கிராம்தானே என்று தண்ணிக் கணக்கில் நிறுத்தோம். வீஜி தண்ணியை விடப் பாரம், ஒரு மில்லிலீட்டர் 1.26 கிராம். 44 மில்லிலீட்டர் என்று நினைத்து நாங்கள் ஊற்றினது உண்மையில் 35 மட்டில்தான். ஆகவே 3 என்று எழுதி ஒட்டின போத்தலில் இருந்தது 3.5. சின்ன வித்தியாசம்தான். ஆனால் கடையில் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு வருடமும் இப்படி ஒரு கேள்வியே எங்களுக்கு வந்ததில்லை. பெட்டியில் 20 என்று போட்டிருக்கும், நாங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குவோம்.

பிறகு மாம்பழம். இதைப் பற்றிக் கொஞ்சம் கூடக் கதைக்கத்தான் வேணும், ஏனென்றால் மூன்று மாதம் எங்கள் வீட்டில் இதுதான் கதை.

கடைகளில் விற்கிற மாம்பழ வாசம் ஒன்றும் எங்கட மாம்பழம் இல்லை. மூன்று கம்பனிகளின் சாற்றை வாங்கிப் பார்த்தோம். ஒன்று தகரப்பேணி மாம்பழம். இன்னொன்று தலைக்குப் பூசுகிற ஷாம்பூ. மூன்றாவதில் மட்டும் தோலைக் கடிக்கும்போது வருகிற அந்தப் பிசின் காரம் இருந்தது. எங்களுக்கு வேண்டியது கறுத்தக் கொழும்பான். வைக்கோலுக்குள் வைத்துப் பழுக்கவிட்டு, நாலாம் நாள் அறைக் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அது. மட்டக்களப்பான் தங்கட பக்கத்துப் பழம்தான் திறம் என்று சண்டை பிடித்தான், நாங்கள் அவனைக் கணக்கெடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பத்து மில்லிலீட்டர்ச் சோதனைப் போத்தல்கள் நாலைந்து. தங்கச்சி கொப்பியில் எழுதுவாள். அரை வீதம் கிறீம் கூட்டினால் நார் இல்லாத சதையின் வழவழப்பு வரும். பீச் ஒன்றரை வீதம் போட்டால் பழுத்த இனிப்பு வரும், இரண்டு போட்டால் மாம்பழம் செத்துப்போகும். குளிர்ச்சிக்குப் போடுகிற டபிள்யூ.எஸ்-23 இல் இரண்டு துளி கூடினதற்கு மூத்தவன் ஒரு பின்னேரம் முழுக்க நெஞ்சைத் தடவிக்கொண்டு திரிந்தான். கடைசியில் மூன்றையும் கலந்து மொத்தம் மாம்பழம் 6 வீதம் என்பதில் வந்து நின்றோம். கலந்த உடனே இழுக்கக் கூடாது, பழவாசம் என்றால் இரண்டு மூன்று நாளாவது இருட்டில் ஊற வேண்டும். அலுமாரிக்குள் வைத்தோம். நாலாம் நாள் மூடியைத் திறந்து முகர்ந்த மூத்தவன் ஒன்றும் கதைக்கவில்லை. அவன் ஊருக்குப் போய் அப்போது ஐந்து வருடம்.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அது நல்லாத்தான் இருந்தது.

நடுவில் மட்டக்களப்பானுக்கு ஒரு ஆசை வந்தது. தமிழ்க்கடையில் விற்கிற ரோஸ் சர்பத்தில் கொஞ்சம் விட்டால் என்ன, கேக்குக்குப் போடுகிற வனிலா இருக்குதே என்று கேட்டான். அன்றைக்குத் தங்கச்சி உண்மையாகவே கோபப்பட்டாள். 'வயித்துக்குள்ள போறது எல்லாம் நெஞ்சுக்குள்ள போகேலாது அண்ணா. வயித்தில அமிலம் இருக்குது, ஈரல் இருக்குது. சுவாசப்பைக்கு என்ன இருக்குது?' சர்பத்தில் இருப்பது சீனி, சூடான கொயிலில் அது கருகும். சமையல் வாசங்களில் சிலது எண்ணெயில் கரைத்தது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இலேசில் வெளியே வராது, அதனால் வருகிற ஒரு வகை நிமோனியாவுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. 2019 இல் அமெரிக்காவில் வேப் இழுத்த ஆயிரக்கணக்கான பேர் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2020 பெப்ரவரி வரையில் 68 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணமானது கஞ்சா எண்ணெயைத் தடிப்பாக்கச் சேர்த்த விற்றமின் ஈ அசிற்றேற். தோலுக்குப் பூசுகிற கிறீமில் இருக்கிற, விழுங்குகிற குளிசையில் இருக்கிற அதே சாமான்தான். மட்டக்களப்பான் சர்பத்தைத் தண்ணியில் கலந்து குடித்துவிட்டுப் படுத்தான்.

மாம்பழம் சரிவந்த பிறகு பனங்கட்டிக்குப் போனோம். இது தங்கச்சியின் ஆசை. அவளுடைய அம்மப்பா வலிகாமத்தில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்துச் சுருட்டைத் தென்னிலங்கைப் பக்கம் கடை வைத்திருந்த எங்கட ஆக்களுக்கு அனுப்புவார்கள். கொட்டிலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்து சுற்ற, ஒருவர் பத்திரிகை வாசிப்பார் என்று அவளுடைய அம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் புகையிலைக்குக் கோடா என்று ஒன்று போடுவார்கள். புகையிலைக் காம்பையும் பனங்கட்டியையும் சேர்த்துக் காய்ச்சி ஊறவைத்த தண்ணி. அதற்கு மேலே என்ன போடுகிறது என்பது ஒவ்வொரு கொட்டில்காரரின்ர இரகசியம். அம்மப்பாவின் கோடாப் பானைக்குக் கிட்டப் பிள்ளைகளை விடமாட்டாராம். சுருட்டின் காரத்தை மெதுவாக்கி, வாசமாக்கி, ஆக்களைத் திரும்பத் திரும்ப அதே கடைக்கு வரவைத்தது அந்தப் பானைதான்.

'அப்ப நாங்களும் கோடாதான் காய்ச்சுறம்' என்றான் மூத்தவன். அன்றைக்குச் சிரித்தோம்.

பனங்கட்டி வாசத்தில் சாறு ஒன்றும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கரமல், பழுப்புச் சீனி, பட்டர்ஸ்கொச் மூன்றையும் வைத்துக் கிட்டவாகக் கொண்டு வரலாம் என்று தங்கச்சி கணக்குப் போட்டாள். இந்த மாதிரிக் கனமான வாசங்கள் மூன்று நாலு கிழமை ஊற வேண்டும். ஊறிக்கொண்டிருக்கிற நேரம் அவள் போத்தல்களின் விபரத்தாள்களைத் தேடி வாசித்தாள். வெண்ணெய் வாசம் தருகிற பொருள்களில் ஒன்று டைஅசிற்றைல். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மைக்ரோவேவ் சோளப்பொரி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த எட்டுப் பேருக்கு ஒரே அபூர்வமான நுரையீரல் நோய் இருந்தது வெளியே வந்தது. சுவாசச் சிறுகுழாய்கள் தழும்பாகி அடைபடுகிற நோய், திரும்ப வழமைக்கு வராது. வெண்ணெய் வாசத்தைத் தொட்டியில் ஊற்றிக் கலக்குகிறபோது எழுந்த ஆவியை அவர்கள் சுவாசித்திருந்தார்கள். அது தின்றதால் வந்த நோய் இல்லை. பிரித்தானியாவில் கடையில் விற்கிற வேப் திரவத்தில் டைஅசிற்றைல் சேர்க்கத் தடை. ஆனால் நாங்கள் அலுமாரிக்குள் ஊறவைத்திருந்ததில் என்ன இருக்கிறது என்று எங்களைத் தவிரப் பார்க்க ஆள் இல்லை. ஒரு விபரத்தாளில் 'இருக்கலாம்' என்று போட்டிருந்தது. மற்ற இரண்டுக்கும் தாளே கிடைக்கவில்லை. அவள் பனங்கட்டிப் போத்தலை எடுத்துக் கிளறாமல், முகராமல், குப்பைக்குக் கொண்டு போனாள். மாம்பழத்திலும் அரை வீதம் கிறீம் இருக்கிறதே என்று எங்களில் ஒருவரும் அன்றைக்குச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் அது ஞாபகம் வந்தது என்பது பிறகு கதைக்கும்போதுதான் தெரியும்.

ஃப்ரிட்ஜ்த் தாளும் அந்த நாள்களில்தான் தொடங்கியது. காசைப் பங்கிடத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு போத்தல். காலையில் நிறுத்து, முதல்நாள் நிறையிலிருந்து கழித்து, 1.2 ஆல் பிரித்தால் மில்லிலீட்டர் கிட்டத்தட்டச் சரியாக வரும். இரண்டு கிழமைக்குப் பிறகு தங்கச்சி அந்த எண்களை நிக்கொட்டினாக மாற்றிப் பார்த்தாள்.

மூத்தவன் முந்தி நாளுக்கு ஒரு வேப் முடிப்பான். 2 மில்லிலீட்டர், மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராம், ஆக 40. நாங்கள் கலந்தது 6 மில்லிகிராம்தான். இருபதிலிருந்து ஆறுக்கு இறங்கிவிட்டோம் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஆனால் அவன் நாளுக்கு ஒன்பது பத்து மில்லிலீட்டர் முடித்துக்கொண்டிருந்தான். 55, 60 மில்லிகிராம். தங்கச்சி முந்தி இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று, அதாவது நாளுக்கு 13 முதல் 20. இப்போது 5 மில்லிலீட்டர், 30. இழுக்கிறது எல்லாம் உடம்பில் சேர்வதில்லைதான், ஆனால் இரண்டு கணக்குக்கும் அது பொருந்தும். பலம் குறைந்தால் உடம்பு கூட இழுத்து ஈடுசெய்யும் என்று இதைப் படித்தவர்கள் கனகாலமாகச் சொல்லி வருகிறார்கள். எங்கள் தாளில் அதை விட ஒன்று இருந்தது. ஷாம்பூ மாம்பழம் இருந்த கிழமைகளில் எண்கள் குறைவு. 6 வீதம் சரிவந்த கிழமையிலிருந்து மூன்று நிரலும் ஏறியிருந்தது.

'நாங்கள் கெட்டிக்காரர் ஆகினதால கூட இழுக்கிறம்' என்றாள். மூத்தவன் தாளைப் பார்த்தான், 'காசு குறைஞ்சிருக்குதுதானே' என்றான். மட்டக்களப்பான் இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வெளிக்கிட்டான். அடுத்த ஞாயிறும் கலந்தோம்.

செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை. அக்காவின் மகன் அடிக்கடி மேலே வருவான். மட்டக்களப்பானின் முதுகில் ஏறி யானைச் சவாரி விடுவான். அன்றைக்கு நாங்கள் அறைக்குள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வெளியே நின்றது தெரியாது. கடையில் வருகிற நிக் ஷொட்டுக்குப் பிள்ளைகள் திறக்க முடியாத மூடி இருக்கும், அதில் தொட்டுணரக்கூடிய ஆபத்து முக்கோணமும் இருக்கும். எங்கள் போத்தலுக்கு ஒன்றும் இல்லை. சின்ன வாய், மெல்லிய பிளாஸ்டிக், பிதுக்கினால் துளி வரும். பெயர்கூட எழுதவில்லை, 'மா-6' என்று மட்டும். அவனுடைய காய்ச்சல் மருந்து ஸ்ட்ரோபெரி வாசம். அவனைப் பொறுத்தவரை ஃப்ரிட்ஜில் இருக்கிற, பழ வாசம் வாற, துளித்துளியாய் வாற எல்லாம் குடிக்கிறதுதான். நாங்களும் அதை ஜூஸ் என்றுதான் சொல்லுவோம், அவனுக்கு முன்னாலும்.

அறைவாசலில் வந்து நின்று 'ஜூஸ் காரம்' என்றான். சட்டையில் ஈரம், கையில் ஈரம், வாயைச் சுற்றி ஈரம். முழு இடமும் கறுத்தக் கொழும்பான் வாசம்.

தங்கச்சி அவனைத் தூக்கிக்கொண்டு போய் வாயையும் கையையும் கழுவினாள், சட்டையைக் கழற்றி எறிந்தாள். மட்டக்களப்பான் கீழே ஓடினான் அக்காவிடம். மூத்தவன் 111 க்கு எடுத்தான், அவர்கள் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியில் ஒருமுறை சத்தி எடுத்தான். முகம் வெளிறி வியர்த்திருந்தது. அங்கே தாதி கேட்ட முதல் கேள்வி, என்ன பலம், எவ்வளவு போயிருக்கும்? மில்லிலீட்டருக்கு 6 என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. வீட்டில் நின்ற மட்டக்களப்பானுக்கு எடுத்தோம். போத்தலைத் தராசில் வைக்கச் சொன்னாள் தங்கச்சி. அது அவளுடைய போத்தல். காலையில் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த நிறைக்கும் அப்போதைய நிறைக்கும் வித்தியாசம் 1.2 கிராம். அன்றைக்கு அவள் அதைத் தொட்டிருக்கவில்லை. ஒரு மில்லிலீட்டர். அதில் பாதியாவது சட்டையில். தாதி எழுதிக்கொண்டு போனார். நாலு மணித்தியாலம் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது மணியில் அவன் பிஸ்கற் கேட்டான்.

ஒரு முழுப் போத்தலில் 360 மில்லிகிராம் இருந்தது. அதை நாங்கள் அந்த இரவு கணக்குப் பார்த்தோம், வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அக்கா கத்தவில்லை. அடுத்த நாள் காலை மேலே வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், தாளைப் பார்த்தார். 'இந்த மூண்டாவது எழுத்து ஆர்?' என்று கேட்டார். தங்கச்சி, நான்தான் அக்கா என்றாள். அதுவரை பெடியள் இரண்டு பேரும்தான் இழுக்கிறது என்று அக்கா நினைத்திருந்தவர். அவளுடைய அம்மாவும் அக்காவும் ஒரே ஊர், தொலைபேசியில் கதைக்கிறவர்கள். அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போத்தலை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தார்.

'ஏன் தம்பி இதுக்கு மாம்பழ வாசம்?'

சிகரெட்டை விடுகிற பெரிய ஆக்களுக்கு வாசம் உதவும், புகையிலை ஞாபகத்திலிருந்து தள்ளி வைக்கும் என்று ஒரு பதில் இருக்கிறது. அது பொய்யும் இல்லை. மூத்தவன் அதைச் சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டான்.

அக்கா எங்களை எழும்பச் சொல்லுவார் என்று இரண்டு கிழமை பயந்தோம். சொல்லவில்லை. பிள்ளையை மேலே விடுவதில்லை, அவ்வளவுதான். கீழே இருந்து அவன் யானை, யானை என்று கூப்பிடுகிறது கேட்கும்.

வாசச் சாறு எல்லாவற்றையும் கொண்டு போய்க் கொடுத்தோம். பத்துப் பதினைந்து போத்தல் இருக்கும், கிட்டத்தட்ட எழுபது பவுண். மிஞ்சின பீஜி, வீஜி, நிக்கொட்டின் மட்டும் ஒரு பூட்டுப் போட்ட பெட்டிக்குள். வாசம் இல்லாமல் கலந்தோம். வாசமில்லாத திரவம் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஒன்றும் இருக்காது. லேசான இனிப்பு, சூடு, தொண்டையில் ஒரு கீறல். முதல் நாள் மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்தோம். இதைத்தான் இவ்வளவு நாளும் இழுத்தோமா? தாளில் எண்கள் ஒரு கிழமைக்குள் பாதியாகின. பிறகு 6 ஐ 3 ஆக்கினோம், எண்கள் கொஞ்சம் ஏறி, திரும்ப விழுந்தன. தராசு இருந்ததால் ஏமாற்ற முடியவில்லை. மட்டக்களப்பான் ஒருமுறை போத்தலுக்குள் தண்ணி விட்டு நிறையைச் சரிக்கட்டினான், புகை வராமல் கொயில் வெடித்தபோது பிடிபட்டான்.

எல்லாரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. தங்கச்சி நவம்பரில் ஒன்றரைக்கு வந்து, ஒரு காய்ச்சலோடு விட்டாள். திரும்பத் தொடவில்லை, ஆனால் பாமசியில் அந்த ராக்கைக்கு முன்னால் நிற்கிறபோது இன்னும் கை போகுதாம். மட்டக்களப்பான் 3 இல் நிற்கிறான். குறைக்கச் சொன்னால் வேலையிடத்துக்கு வந்து பார் என்கிறான். மூத்தவன் டிசம்பரில் ஊருக்குப் போனான், தங்கையின் கலியாணம். இலங்கையில் மின் சிகரெட்டுக்கு 2016 இலேயே தடை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கருவியை இங்கேயே வைத்துவிட்டுப் போனான். ஊரில் பெடியளின்ர கையில் தாராளமாக இருக்குதாம், அவன் வாங்கவில்லை. மூன்றாம் நாள் கலியாண வேலைக்கு ஓடித் திரிகிறபோது சந்திக் கடையில் தனிச் சிகரெட் ஒன்று வாங்கியிருக்கிறான். திரும்பி வந்தபோது இரண்டும் இருந்தது, சிகரெட்டும் வேப்பும். அதை அவனே சொன்னான், நாங்கள் கேட்கவில்லை. இப்போது திரும்ப முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான். நாலு நாள்.

ஃப்ரிட்ஜ்த் தாளில் ஒரு நிரல் வெறுமையாக இருக்கிறது. தராசு கீழே அக்காவிடம். அவர் வீட்டிலிருந்து பிறந்தநாள் கேக் செய்து விற்கிறவர். ஈஸ்டும் சோடாவும் நிறுக்கிறதுக்கு நல்ல வசதி என்கிறார். மூத்தவனும் மட்டக்களப்பானும் காலையில் போத்தலோடு கீழே இறங்கிப் போய், அவருக்கு முன்னால் நிறுத்து, எண்ணைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.